ஒரு பொத்தானின் வரலாறு

கணிப்பொறித் திரையில் ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள். அது உள்ளே அமிழ்வது போல் தோன்றி மீண்டும் எழுகிறது. அந்தப் பொத்தானை வரைந்தவர் யார்? நிரலை எழுதியவரே என்று எண்ணுவீர்கள். பெரும்பாலும் அவரல்லர்.

யூனிக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் நெடுங்காலம் திரையை ஆண்டது, 1984-இல் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ் சாளர முறை. அது கோடு வரையும்; சுட்டெலி எங்கே அழுத்தப்பட்டது என்று சொல்லும். ஆனால் பொத்தான் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது! நான்கு கோடுகளைப் பொத்தானாகவும் பட்டியலாகவும் ஆக்கித் தருவது, இடையில் நிற்கும் ‘கருவித்தொகுப்பு’ என்னும் நிரல் தொகுதியே. சாளர நிரலை முதன்முதலாக எழுதப் புகும் எவரும் முதலில் இதைத் தேர்ந்தாக வேண்டும்.

1995-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் இருவரும் படங்களைத் திருத்தும் நிரலொன்றை எழுதத் தொடங்கினர். அதுதான் ‘கிம்ப்’. அவர்கள் தேர்ந்தது, ‘மோட்டிஃப்’ என்னும் கருவித்தொகுப்பு. அதைக் குறை கூறுவதற்கில்லை. யூனிக்ஸ் உலகில் அன்று செல்வாக்குடன் விளங்கியது அதுவே.

1996-இன் தொடக்கத்தில் கிம்ப்பின் 0.54 பதிப்பு வெளியாயிற்று. மூல நிரலை யாரும் இலவசமாகப் பெறலாம். ஆனால் அதைத் தம் லினக்ஸ் கணிப்பொறியில் தாமே தொகுத்துக்கொள்ள விரும்பியவர் மோட்டிஃபை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. சமையல் குறிப்பு இலவசம், அடுப்புக்கு மட்டும் பணம் என்பது போலத்தான்! திருத்தி உதவ முன்வந்தவர்க்கும் இதுவே தடை.

மோட்டிஃபில் சலிப்புற்ற மாட்டிஸ், தாமே ஒரு கருவித்தொகுப்பை எழுதினார். அதன் பெயர் ஜி.டி.கே.; ‘கிம்ப் கருவித்தொகுப்பு’ என்பதன் சுருக்கம். அதை அவர் இரண்டு அடுக்குகளாக அமைத்தார். கீழடுக்கு மட்டுமே எக்ஸ் முறையோடு பேசும். பொத்தான்களெல்லாம் மேலடுக்கில் இருக்கும். கீழடுக்கை மாற்றினால் வேறு கணிப்பொறியிலும் அதே பொத்தான் வேலை செய்யும் அல்லவா? பின்னாளில் விண்டோஸுக்கு அது சென்றது இவ்வழியே.

இதற்கிடையே, 1996-இல் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிக் தொடங்கிய கே.டி.ஈ. மேசைத்தளம், நார்வே நிறுவனத்தின் ‘க்யூட்’ தொகுப்பைத் தேர்ந்தது. அதன் அன்றைய உரிமம் முழுச் சுதந்திரம் தரவில்லை என்று பலர் எதிர்த்தனர். ஆகவே 1997-இல் மிகேல் தெ இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் ‘க்னோம்’ என்னும் மாற்று மேசைத்தளத்தைத் தொடங்கியபோது, கைக்கெட்டியது ஜி.டி.கே. படம் திருத்தப் பிறந்த பொத்தான் மேசைத்தளம் முழுதும் பரவியது இப்படித்தான். க்யூட் 2000-இல் பொது உரிமத்தின் கீழ் வந்தது. அதற்குள் இரு மேசைத்தளங்களும் வேரூன்றிவிட்டன.

ஒன்று வேடிக்கை. ஜி.டி.கே.யின் மூன்றாம் தலைமுறை 2011-இல் வந்தது. அது யாருக்காகப் பிறந்ததோ அந்தக் கிம்ப், தன் பழைய நிரல்களையெல்லாம் மாற்றி எழுதி அதற்கு வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். அதற்குள் நான்காம் தலைமுறையும் வந்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன.