பூகி: வாடகைக்காக ஆடிய ஆட்டம்

கிளாரன்ஸ் ஸ்மித் என்றால் இசைப் பித்தர்களுக்கே சட்டென்று பிடிபடாது. பைன்டாப் ஸ்மித் என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள். அலபாமாவில் 1904-ல் பிறந்த கறுப்பினப் பியானோ கலைஞர் அவர். 1928 டிசம்பர் 29 அன்று சிகாகோவில் 'பைன்டாப்ஸ் பூகி வூகி' என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார். ஆட்டம் போடுவதற்கு அமெரிக்கர்கள் பேச்சுவழக்கில் சொல்லும் 'பூகி' ஊரெல்லாம் பரவியதில் அந்தத் தட்டுக்குப் பெரும் பங்குண்டு.

அதில் ஸ்மித் பாட்டென்று எதுவும் பாடவில்லை. இடது கை ஒரே தாளக்கட்டை விடாமல் உருட்ட, வலது கை அதன்மேல் விளையாட, நடுநடுவே ஆடுகிறவர்களை அதட்டுகிறார். சிவப்பு உடுப்புப் பெண்ணைக் கூப்பிடுகிறார், அசையாமல் நிற்கச் சொல்கிறார், அடுத்த நொடி உடம்பைக் குலுக்கச் சொல்கிறார். அவர் வாயில் பூகி வூகி என்பது ஆட்டம்தான். பியானோ பாணிக்கு அந்தப் பெயர் நிலைத்தது பிற்பாடு என்பது என் கட்சி.

ஆடியவர்கள் யார்? முதல் உலகப் போரையொட்டித் தென் மாநிலங்களிலிருந்து வேலை தேடி சிகாகோவுக்கு வந்த கறுப்பின மக்கள். சில பேட்டைகளைத் தவிர வேறெங்கும் அவர்களுக்கு வீடு கிடைக்காது. அதனால் அங்கே வாடகை எகிறிக் கிடந்தது. பணம் புரளாத மாதம் வீட்டிலேயே விருந்து வைப்பார்கள். வாசலில் சில்லறை வாங்கிக்கொண்டு ஆளை உள்ளே விடுவார்கள். சாப்பாடு, மதுவிலக்குக் காலத்துத் திருட்டுச் சாராயம், மூலையில் ஒரு பியானோ. நம் மொய் விருந்து மாதிரிதான், திருப்பிச் செய்யும் கடன் மட்டும் கிடையாது.

இசை அதற்கும் மூத்தது. டெக்சாஸ், லூசியானா காடுகளில் மரம் வெட்டுவோர் முகாம்களின் சாராயக் கொட்டகைகளில் வளர்ந்தது. சொல்லின் வேர் தேடி மேற்கு ஆப்பிரிக்க மொழிகள் வரை போனவர்கள் உண்டு. ஒலி ஒத்துப்போகிறது; எழுத்துச் சான்றுதான் இல்லை.

தட்டு பதிவான மூன்று மாதத்துக்குள், 1929 மார்ச்சில், சிகாகோவின் நடன அரங்கு ஒன்றில் குண்டு பாய்ந்து ஸ்மித் இறந்தார். வயது 24. அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்த ஆல்பர்ட் ஆமன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் இருவரும் பாணியைக் காப்பாற்றினார்கள். எப்படிப்பட்ட பிழைப்பு! இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் 1935-ல் லூயிஸைத் தேடிப் பிடித்தபோது, அவர் கார் கழுவிக்கொண்டிருந்தார். 1938 டிசம்பரில் அதே ஹாமண்ட் இருவரையும் நியூயார்க்கின் கார்னகி அரங்க மேடையேற்றினார். அதன்பின் நாடே பூகி வூகிப் பைத்தியமானது. டச்சு ஓவியர் மோன்ட்ரியன் 1943-ல் முடித்த ஓவியத்தின் பெயர்கூட 'பிராட்வே பூகி வூகி'.

எழுபதுகளின் டிஸ்கோவில் 'வூகி' உதிர்ந்தது, பியானோவும் பின்னுக்குப் போனது. மிஞ்சிய 'பூகி'க்கு ஆடு என்பதே பொருள், ஸ்மித் அதட்டிய அதே பொருள். 1978-ல் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்த 'பூகி ஊகி ஊகி'யில் இடது கை உருட்டலின் வேலையை பேஸ் கிட்டார் எடுத்துக்கொண்டது. வாசித்தவர் ஜானிஸ் ஜான்சன் என்ற பெண்.

அடுத்த வாரம்: ஜிட்டர்பக்.