அமெரிக்க வெள்ளக் காப்புறுதியும் வரைபடக் கோட்டின் அரசியலும்

வீடு வாங்குகின்ற எவரும் காணி உறுதியையும் நில அளவைப் படத்தையும் கவனமாகப் பார்ப்பது வழமை. அமெரிக்காவில் அவற்றுக்கு அப்பால் இன்னொரு வரைபடத்தையும் பார்க்கவேண்டியிருக்கிறது. சமஷ்டி அரசாங்கம் வெளியிடும் வெள்ள அபாய வரைபடமே அது. வீடு அதன் அபாய வலயத்துக்குள் அமைந்திருந்தால், வங்கிக் கடனில் வாங்குபவர் வெள்ளக் காப்புறுதியைச் செய்தேயாகவேண்டும். வலயத்துக்கு வெளியே என்றால் சட்டத்தின் கட்டாயம் இல்லை. அந்த எல்லைக்கோடு சற்று நகர்ந்தாலே ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கு மாறிவிடும்.

இந்த ஏற்பாட்டின் வேர் 1927 மிசிசிப்பிப் பெருவெள்ளம் வரை செல்கிறது. அதற்குப் பிறகு தனியார் காப்புறுதிக் கம்பனிகள் வெள்ளச் சேதங்களைப் பொறுப்பேற்பதிலிருந்து பெரும்பாலும் விலகிக்கொண்டன. ஆற்றங்கரையில் வசிப்பவர்கள் மாத்திரமே காப்புறுதியை நாடுவார்கள். வெள்ளம் வந்தால் அவர்கள் அனைவருமே ஒரே நேரத்தில் இழப்பீடு கேட்பார்கள் என்பதே அவற்றின் கவலை. அரசாங்கமோ அணைகளையும் கரைகளையும் கட்டுவதிலேயே நம்பிக்கை வைத்தது. கரைகளை நம்பி மேலும் மக்கள் தாழ்நிலங்களில் குடியேறுவதனால் இழப்பு அதிகரிக்கவே செய்யும் என்று புவியியலாளர் கில்பேர்ட் வைற் 1940களிலேயே வாதிட்டார்.

1965 செப்டெம்பரில் பெற்ஸி சூறாவளி நியூ ஓர்லியன்ஸைத் தாக்கிய பின்னரே வாஷிங்டன் விழித்துக்கொண்டது. வைற் தலைமையிலான குழு 1966இல் அறிக்கை சமர்ப்பித்தது. தவறாகக் கையாளப்பட்டால் காப்புறுதியே அபாயமான இடங்களில் வீடுகளைப் பெருக்கிவிடும் என்று அக்குழு எச்சரிக்கவும் செய்தது. 1968இல் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சனின் ஆட்சியில் தேசிய வெள்ளக் காப்புறுதித் திட்டம் சட்டமானது. அது ஒரு பேரம் எனலாம். ஏற்கெனவே கட்டப்பட்ட வீடுகளுக்கு அரசாங்கம் மலிவான காப்புறுதி வழங்கும். பதிலாக உள்ளூராட்சிச் சபைகள் வரைபடத்தின் பிரகாரம் புதிய கட்டடங்களைக் கட்டுப்படுத்தவேண்டும். தற்காலிகமானதாகக் கருதப்பட்ட மானியம் பல தசாப்தங்கள் நீடித்தது.

ஆரம்பத்தில் மிகச் சிலரே காப்புறுதி செய்தனர். 1972இல் அக்னஸ் சூறாவளி அதை அம்பலப்படுத்தவே, 1973 சட்டம் அபாய வலயத்தில் கடனுக்கு வீடு வாங்குவோருக்குக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. 'நூறாண்டு வெள்ளம்' என்ற சொற்றொடர் பலரைத் தவறாக வழிநடத்தியது. நூறு வருடங்களுக்கு ஒரு தடவைதான் வெள்ளம் வரும் என்று அதற்குப் பொருளல்ல. ஒவ்வொரு வருடமும் 1 சதவீத வாய்ப்பு என்பதே அதன் அர்த்தம். 30 வருடக் கடன் காலத்தில் அது ஏறத்தாழ 26 சதவீதமாகிறது.

வரைபடம் பழையதாகிவிட்டால் என்ன நேரும் என்பதை நியூயோர்க் காட்டியது. 2012 ஒக்டோபரில் சான்டி சூறாவளி தாக்கியபோது அந்நகரின் வரைபடங்கள் அடிப்படையில் 1983ஆம் ஆண்டுக்குரியவை. அவை 33 சதுர மைல் பரப்பையே அபாய வலயமாகக் காட்டின. நீரில் மூழ்கியதோ 51 சதுர மைல். வலயத்தை விரிவுபடுத்திப் புதிய வரைபடங்கள் தயாரிக்கப்பட்டபோது, கணிப்பு மிகையானது என்று நகர நிர்வாகம் 2015இல் ஆட்சேபித்தது. மறுவருடம் சமஷ்டி நிர்வாகம் மீளாய்வுக்கு இணங்கியது. இதனால், காப்புறுதிக்குப் பழைய வரைபடமும் புதிய கட்டடங்களின் உயரத்தைத் தீர்மானிப்பதற்குப் புதிய வரைபடமும் என்ற விசித்திர நிலை தோன்றியது.

ஆட்சேபித்தவர்களை வெறும் சுயநலவாதிகள் என்று ஒதுக்கிவிடமுடியாது. பெற்றோர் விட்டுச்சென்ற சிறிய வீட்டில் ஓய்வூதியத்தில் வாழ்பவருக்குப் புதிய கோடு ஆண்டுதோறும் பெருந்தொகைச் செலவு. வீட்டை விற்க முனைந்தால் விலையும் சரியும். 2012 ஜூலையில் மானியங்களைக் குறைக்க பிகேர்ட் - வாட்டர்ஸ் சட்டம் வந்தது. கட்டணங்கள் எகிறியதும், சட்டத்துக்குத் தனது பெயரை வழங்கியவர்களில் ஒருவரான மக்ஸின் வாட்டர்ஸே அதைத் தாமதப்படுத்தக் கோரினார். 2014 மார்ச்சில் காங்கிரஸ் பெருமளவுக்குப் பின்வாங்கியது.

ஆனால், மலிவான கட்டணத்தின் சுமை எங்கோ போய்ச் சேரத்தான் வேண்டும். 2005 கத்ரினாவுக்குப் பிறகு இத்திட்டம் திறைசேரியிடம் பெருங்கடன் பட்டது. 2017இல் 16 பில்லியன் டொலர் கடனைக் காங்கிரஸ் தள்ளுபடி செய்தது. வெள்ளத்தையே காணாத வரியிறுப்பாளர்களும் அதைச் சுமந்தார்கள். 2021 ஒக்டோபரில் தொடங்கிய புதிய முறையில் ஒவ்வொரு வீட்டினதும் தனித்தனி அபாயத்தைக் கொண்டே கட்டணம் கணிக்கப்படுகிறது. ஆனால், கட்டாயம் யாருக்கு என்பதை இன்னமும் அந்தப் பழைய கோடே தீர்மானிக்கிறது.

வட அமெரிக்காவில் வீடு வாங்குகின்ற எம்மவர்களும் இந்த வரலாற்றை அறிந்திருப்பது நல்லது. காப்புறுதி கட்டாயமில்லை என்று வங்கி சொல்வதை, வெள்ளம் வராது என்ற உத்தரவாதமாக எவரும் எடுத்துக்கொள்ளக்கூடாது.