ஆர் வெளிநாட்டுக்காரர்? விடுமுறை வீடும் எங்கட காணிச் சட்டமும்

வெலிகம விரிகுடாவில் கரைக்கு மிகக் கிட்ட ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அலை அடங்கியிருக்கும் நேரத்தில் தண்ணிக்குள் இறங்கி நடந்தே போய்விடலாம். ஊர்ச்சனம் அதைக் கல்துவ என்றார்கள், கல்தீவு என்று அர்த்தம். 1920களில் பிரான்சிலிருந்து வந்த ஒருவர் அதில் எண்கோண வடிவில் வீடு கட்டி, தப்ரபேன் என்று பெயர் வைத்தார். தன்னைக் கவுண்ட் டி மோனி என்று சொல்லிக்கொண்டவர். அந்தப் பட்டம் அசலா போலியா என்பது வேறு கதை. எங்கட ஆக்களுக்குச் சுவாரசியமான விசயம் ஒன்று: 1941இல் நாவற்குழியில் ஒரு தோட்டத்துக்கு வந்த இடத்தில் மாரடைப்பால் இறந்து, யாழ்ப்பாணத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார்.

1950களில் அந்தத் தீவை அமெரிக்க எழுத்தாளர் போல் பௌல்ஸ் வாங்கினார். சில காலம் வந்து தங்கினார், எழுதினார், பிறகு விற்றுவிட்டுப் போனார். காசு இருந்தது, இடம் பிடித்தது, உறுதி முடித்தார்கள். ஆர், எந்த நாட்டுக்காரர் என்ற கேள்வியைக் காணிச் சட்டம் பெரிதாகக் கேட்காத காலம் அது.

அந்தக் கேள்வியை வரியின் வடிவில் கேட்டது 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டம். இலங்கைப் பிரசை அல்லாத ஒருவருக்குக் காணி கைமாறினால், காணியின் பெறுமதிக்குச் சமமான தொகையை வரியாகக் கட்ட வேண்டும். நூறு வீதம். பத்தாயிரத்துக்கு வீடு வாங்கினால் இன்னொரு பத்தாயிரம் அரசாங்கத்துக்கு. தடை என்று சொல்லாமல் தடுக்கிற வழி.

சிறீமாவோ ஆட்சிக்காலம். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் தேசியமயமாக்கலும் ஒன்றாக நடந்த நேரம். அந்தப் பின்னணியில் இந்த வரியை விளங்கிக்கொள்ளலாம். ஆனால் ‘பிரசை அல்லாதவர்’ என்ற சொல்லைச் சும்மா கடந்துபோக முடியாது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் லட்சக்கணக்கான மலையகத் தமிழர் அந்தச் சொல்லுக்குள்தான் தள்ளப்பட்டிருந்தார்கள். இங்கேயே பிறந்து, இந்த மண்ணிலேயே தேயிலை நட்ட சனம். 1964இல் சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்கும் எண்ணிக்கைக் கணக்கில் பங்கு பிரித்தது. லயன் அறையில் இருந்தவர் காணி வாங்குகிற நிலையில் இருக்கவில்லை என்பது உண்மைதான். என்றாலும் ஆர் உள்ளாள், ஆர் வெளியாள் என்பதை இந்த நாட்டின் கடதாசிகள் எப்படித் தீர்மானித்தன என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

அந்த நூறு வீத வரி கிட்டத்தட்ட நாற்பது வருசம் இருந்தது. 2002இல், சமாதான காலத்தில், அதை எடுத்துவிட்டார்கள். உடனே சூடு பிடித்தது காலிக் கோட்டை. யுனெஸ்கோ 1988இல் உலக மரபுரிமையாக அறிவித்த இடம். உள்ளே ஒல்லாந்தர் காலத்து வீடுகள், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள். தூண் வைத்த விறாந்தையும் நடு முற்றமும் வெளிநாட்டவருக்குப் பிடித்துப்போயின. குடும்பங்கள் விற்றுவிட்டுக் கோட்டைக்கு வெளியே போயின. விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இடிந்துகொண்டிருந்த ஒரு பழைய வீட்டைத் திருத்தக் காசில்லாதவருக்கு அது வாழ்நாளில் ஒருமுறை வந்த விலை.

2004இல் அரசாங்கம் மாறியது, வரியும் திரும்பி வந்தது. அந்த வருசக் கடைசியில் சுனாமி. அதற்குப் பிறகு தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர் என்று கரையோரத்தில் வீடு கட்டத் தடை போட்டார்கள். கடற்றொழிலாளிக்கு அந்தக் கோடு கடுமையாக இருந்தது, சுற்றுலா விடுதிகளுக்கு அவ்வளவு கடுமையாக இருக்கவில்லை. பிறகு அந்தத் தூரங்களைக் குறைத்தார்கள்.

இப்போதிருக்கிற ஏற்பாடு 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தில் தொடங்குகிறது. வெளிநாட்டவருக்கும், பாதி அல்லது அதற்கு மேல் வெளிநாட்டுப் பங்குள்ள கொம்பனிக்கும் காணியை அறுதியாக விற்க முடியாது. 2013 ஜனவரி முதலாம் திகதியிலிருந்தே செல்லுபடியாகும்படி பின்தேதி போட்டார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் சட்டத்தை ஒருக்கா வாசித்துப் பாருங்கள், பக்கத்துக் கதவுகள் எத்தனை! 99 வருசக் குத்தகைக்கு எடுக்கலாம். அதற்குப் போட்ட 15 வீத வரியும் பிறகு நீக்கப்பட்டது. பெரும்பான்மைப் பங்கு உள்ளூராரிடம் இருக்கிற கொம்பனியின் பெயரில் வாங்கலாம். மாடிக் குடியிருப்பில் நாலாம் மாடியிலிருந்து மேலே என்றால் சட்டம் வந்தபோதே தடை இருக்கவில்லை. எழுபது வயதுக்காரர் ஒருவருக்கு 99 வருசக் குத்தகைக்கும் அறுதி உறுதிக்கும் நடைமுறையில் என்ன வித்தியாசம்? சட்டத்தரணி வைத்திருக்கிறவருக்கு இந்தச் சட்டம் ஒரு சின்னச் செலவு, அவ்வளவுதான்.

இதே காலத்தில் காங்கேசன்துறைக் கடற்கரையில் தல்செவன என்ற விடுமுறை விடுதியை இராணுவம் நடத்திக்கொண்டிருந்தது. 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்குச் சனம் தங்கட வளவைப் பார்க்க முடியாமல் முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் இருந்த நேரம். அங்கே விடுமுறை கழிக்க வந்தவர்கள் வெளிநாட்டவர் இல்லாதபடியால் 2014ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை.

வெளிநாட்டவருக்கு விடுமுறை வீடு விற்பதைத் தடுத்தது நாங்கள் மட்டுமில்லை. டென்மார்க் நல்ல ஒப்பீடு. யூட்லாந்தின் மேற்குக் கரையில் மணல்மேடுகளுக்கு நடுவே கோடைக்கால வீடுகள் இருக்கின்றன. பக்கத்து நாடு ஜேர்மனி: பெரிசு, பணக்கார நாடு, 1940 முதல் 1945 வரை டென்மார்க்கை ஆக்கிரமித்து வைத்திருந்த நாடு. ஜேர்மன் படை கட்டிய கொங்கிரீட் அரண்கள் இன்றும் அந்த மணலுக்குள் கிடக்கின்றன. கரை முழுவதையும் ஜேர்மன்காரர் வாங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் டென்மார்க் 1959இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1973இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்த பிறகும் அதை விடவில்லை. 1992இல் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் எழுதும்போது, இரண்டாவது வீடு வாங்குவது பற்றிய தங்கட சட்டத்தைத் தொடர்ந்து வைத்திருக்கலாம் என்று ஒரு தனி நெறிமுறையையே அதோடு இணைக்க வைத்தார்கள். ஒன்றியம் முழுக்க மூலதனம் சுதந்திரமாக ஓட வேண்டும் என்று சொல்கிற ஒப்பந்தத்தில், கோடைவீட்டுக்கு விலக்கு!

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது அது கேட்கிற கேள்வி. கடவுச்சீட்டின் நிறத்தை அது முதலில் பார்ப்பதில்லை. நீ இங்கே வசிக்கிறாயா, அல்லது முன்னர் மொத்தமாக ஐந்து வருசமாவது வசித்திருக்கிறாயா என்று கேட்கிறது. இல்லையென்றால் அனுமதி கேட்க வேண்டும். கோடைவீட்டுக்கு அனுமதி கேட்கும்போது அந்த நாட்டோடு என்ன உறவு, என்ன பிணைப்பு என்று பார்க்கிறார்கள்.

இப்ப கொக்குவிலில் பிறந்து இருபத்தைந்து வருசம் அங்கேயே வாழ்ந்து, பிறகு கனடா போய்ப் பிரசாவுரிமை எடுத்த ஒரு மாமாவை நினைத்துப் பாருங்கள். டென்மார்க்கின் கேள்வி எங்கட சட்டத்தில் இருந்திருந்தால் அவர் உள்ளாள். எங்கட சட்டத்தில் அவர் வெளிநாட்டவர். வேறு நாட்டுப் பிரசாவுரிமை எடுத்த கணமே இலங்கைப் பிரசாவுரிமை போய்விடுகிறது. இரட்டைப் பிரசாவுரிமை இருந்தால் பிரச்சினையில்லை என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் 2011இல் இரட்டைப் பிரசாவுரிமை கொடுப்பதையே நிறுத்தியிருந்தார்கள், 2015இல்தான் திரும்பத் தொடங்கினார்கள். சட்டம் வந்தபோது கதவு இருந்தது, பூட்டியும் இருந்தது. தாய் தகப்பன் நன்கொடையாக எழுதலாம், முதுசமாக வரலாம், அவற்றுக்கு விலக்கு உண்டு. காசு கொடுத்துப் பக்கத்து வளவை வாங்கத்தான் முடியாது. அதனால் தங்கச்சியின் பெயரில் உறுதி, மச்சானுக்கு அற்றோணித் தத்துவம், பிறகு சண்டை. வடக்கில் இந்தக் கதை தெரியாத வீடு குறைவு.

புலம்பெயர்ந்தோருக்காக மட்டும் கண்ணீர் விட்டு இதை முடிக்க நான் தயாரில்லை. அந்நியனுக்குக் காணி போகாமல் தடுக்கிற கலையில் நாங்கள் எல்லாருக்கும் மூத்தவர்கள். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமையில், காணி விற்கிறவர் உரித்தாளருக்கும் பங்காளிக்கும் முதலில் அறிவிக்க வேண்டும். அந்தக் காலத்தில் கோயிற்பற்றுத் தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசித்தார்கள். அந்த முன்வாங்கும் உரிமைக்கு 1947இல் தனியாக ஒரு சட்டமும் வந்தது. நல்ல ஏற்பாடு, சிதறாமல் காத்தது. அதே நேரம் ஆருடைய கைக்குக் காணி போகக்கூடாது என்பதில் சாதியும் காவலுக்கு நின்றது. அந்தக் காவலில் மறிக்கப்பட்டவர்கள் அடுத்த தெருவில்தான் இருந்தார்கள்.

இப்பவும் ஊருக்குள் போனால் பூட்டிய கேற், பற்றை மண்டின வளவு, வருசத்தில் இரண்டு கிழமை திருவிழாவுக்குத் திறக்கிற மாடி வீடு என்று வரிசையாக இருக்கின்றன. கிட்டவே ஒரு துண்டுக் காணிக்கு அலைகிற குடும்பங்களும் இருக்கின்றன. விற்பீங்களோ எண்டு கேட்டுப் பாருங்கோ. “விக்கலாம், ஆர் வாங்கினம் எண்டு பாக்க வேணும்” என்பார்கள்.