புழல் கோட்டையும் குன்றத்தூர்க் குடியும்: தொண்டைமண்டலத்தில் குறும்பர்–வேளாளர் உறவின் வரலாறு

குன்றத்தூர் சேக்கிழாரின் ஊர். 14-ஆம் நூற்றாண்டில் அவருடைய வரலாற்றைப் பாடிய உமாபதி சிவாச்சாரியார் ஊரோடு குடியையும் சேர்த்தே சொல்கிறார். சோழன் ஒருவன் ஆராய்ந்து தேர்ந்து தொண்டைநாட்டில் அமர்த்திய 48,000 குடிகளில் சேக்கிழார் குடியும் ஒன்று என்பது சேக்கிழார் புராணம் தரும் செய்தி. இரண்டாம் குலோத்துங்கனின் (1133–1150) அமைச்சரும் பெரியபுராணத்தின் ஆசிரியருமான ஒருவர், வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றலாகவே நினைவில் வைக்கப்பட்டிருக்கிறார்.

குடியேறினார்கள் என்றால் அதற்கு முன் அங்கே இருந்தது யார் என்ற கேள்வி எழும். தொண்டைமண்டல மரபு இதற்குத் தயங்காமல் விடை சொல்கிறது: குறும்பர். ஆடு மேய்த்தவர்கள், காட்டில் வாழ்ந்தவர்கள், 24 கோட்டைகள் கட்டி ஆண்டவர்கள். அவர்களின் தலைமைக் கோட்டை குன்றத்தூருக்கு வடகிழக்கே உள்ள புழலில் இருந்தது. ஆதொண்டைச் சோழன் அதைப் பிடித்து, குறும்பரை அழித்து, வேளாளரைக் குடியமர்த்தினான். கதை இவ்வளவுதான். இந்தக் கதைக்குள் கோட்டை செய்யும் வேலை மட்டும் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தைத் தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொண்டைநாட்டு எல்லைக் கோட்டையின் மிகப் பழைய சித்திரம் பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெறப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு அது. வழியில் எயினரின் குறும்பு ஒன்று வருகிறது. முள்வேலி சூழ்ந்த, வில்லும் அம்பும் அடுக்கிவைத்த, நாய்களைக் கட்டிவைத்த சிற்றரண் அது. அதற்கு முன்பே எயிற்றியர் கடப்பாரை போன்ற இரும்புமுனைக் கோலால் கரம்பு நிலத்தைக் கிளறிப் புல்லரிசி எடுப்பதையும் கவிஞர் காட்டிவிடுகிறார். அரணுக்குள் போனால் அச்சம் ஒன்றுமில்லை. சோறும் உடும்புக் கறியும் கிடைக்கும் என்கிறது பாட்டு. அதைத் தாண்டினால் ஆயர் குடியிருப்பு, பிறகு உழவர் ஊர், பிறகு காஞ்சி. வேடர், ஆயர், உழவர் எல்லோரும் ஒரே வழிப்பாதையில், ஒருவரை ஒருவர் அறிந்தவர்களாக வாழ்கிறார்கள். எல்லைக் கோட்டை இங்கே வழிப்போக்கன் தங்கும் இடம்.

இதைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பட்டினப்பாலையும் அவர் பெயரிலேயே இருக்கிறது. அதில் கரிகாலன் காட்டை அழித்து நாடாக்குகிறான், குளம் வெட்டுகிறான், பொதுவர் எனப்பட்ட ஆயர் குலத்தின் வழியையே இல்லாமல் செய்கிறான். ஒரு பாட்டில் விருந்து, மற்றொன்றில் வேரறுப்பு. தொண்டைமண்டலக் குடியேற்றத்தைப் பற்றிப் பின்னால் எழுந்த எல்லாக் கதைகளும் இரண்டாவது பாட்டின் வழியிலேயே போயின. முதல் பாட்டை யாரும் பின்தொடரவில்லை.

புழல் கதைக்கு வருவோம். திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயில் தலபுராணத்தின்படி, தொண்டைமான் குறும்பரிடம் ஒருமுறை தோற்றுத் திரும்புகிறான். வழியில் அவன் யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொள்கிறது. வாளால் வெட்டுகிறான், கொடிக்கடியில் இருந்த இலிங்கத்தின்மேல் வெட்டு விழுந்து குருதி வடிகிறது. சிவன் வெளிப்பட்டு நந்தியைத் துணைக்கு அனுப்ப, புழல் கோட்டை விழுகிறது. நந்தி அங்கே இறைவனைப் பார்க்காமல் எதிர்த்திசை நோக்கி நிற்பதற்கு இதுவே காரணம் என்பார்கள். கருவறைக்கு முன்னுள்ள இரண்டு எருக்கந்தூண்கள் குறும்பரின் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை என்பதும் நம்பிக்கை. எருக்கஞ்செடி தூணாகும் அளவுக்குப் பருப்பது அரிது. தோற்றவன் கோட்டையிலிருந்து வந்த பொருள் அதிசயமாகவும் இருக்க வேண்டும் என்று மரபு விரும்பியிருக்கிறது.

இதே தலத்தைச் சுந்தரர் 8-ஆம் நூற்றாண்டில் பாடியிருக்கிறார். தொண்டைமானும் களிறும் முல்லைக்கொடியும் அவர் பதிகத்தில் உண்டு. அந்தப் பாட்டில் குறும்பர் இல்லை, புழல் கோட்டையும் இல்லை. ஆக அற்புதம் பழையது. பகைவனும் அவன் கோட்டையும் பின்னால் வந்து சேர்ந்தவர்கள் என்று கொள்ளவே இடம் இருக்கிறது.

சேர்ந்தது எப்போது? காலின் மெக்கன்சி 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் திரட்டிய சுவடிகளில் கதை விரிந்த வடிவில் கிடைக்கிறது. வில்லியம் டெய்லரும், பிறகு 1893-இல் குஸ்தாவ் ஆப்பர்ட்டும் அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார்கள். அதில் குறும்பர் வெறும் காட்டுமக்களாக இல்லை. கப்பல் வணிகம் செய்கிறார்கள். சமண முனிவர் ஒருவரின் வழியில் சமணராகிறார்கள். புழலில் ஆதிநாதர் சமணக் கோயில் இன்றும் இருப்பதால் இந்தச் செய்தியை எளிதில் ஒதுக்க முடியாது. கோட்டைப் பட்டியலில் புலியூர், ஆமூர், செம்பூர் ஆகியவற்றோடு ஆலம்பரை, மரக்காணம் போன்ற கடற்கரை ஊர்களும் வருகின்றன. ஆலம்பரையில் இன்று நாம் காணும் கோட்டை 18-ஆம் நூற்றாண்டில் நவாபுகள் காலத்தில் எழுந்து, 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760-இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. பட்டியலைச் சொன்னவர்கள் தங்கள் கண்ணுக்குத் தெரிந்த கோட்டைகளையும் குறும்பர் கணக்கில் சேர்த்திருக்கக்கூடும் என்ற ஐயம் எனக்கு உண்டு.

காலக்கணக்கும் ஒத்துவரவில்லை. குடியமர்த்தியவன் கரிகாலன் என்பார் ஒருவர். குலோத்துங்கனுக்குப் பிறந்த ஆதொண்டை என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் இடையில் ஆயிரம் ஆண்டு இருக்கிறது. இதைப் பிழை என்று தள்ளுவதை விட, ஆயிரம் ஆண்டு நடந்த ஒன்றை ஒரே போராகச் சுருக்கியிருக்கிறார்கள் என்று படிப்பதே பொருந்தும்.

அந்த நீண்ட நிகழ்வுக்குக் கல்லிலும் செப்பேட்டிலும் சான்று இருக்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்கள் பல்லவர் காலத்து ஆநிரைப் பூசல்களைச் சொல்கின்றன. மாடு கவரப் போய் மாண்டவனுக்கும் மாட்டை மீட்டு மாண்டவனுக்கும் கல் நிற்கிறது. தொண்டைமண்டலத்தின் மேற்கு விளிம்பில் மேய்ச்சல் வாழ்வு அப்போதும் வலுவாக இருந்தது என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டியதில்லை. மறுபுறம், முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு பரமேசுவர தடாகத்தையும் அதற்குப் பாலாற்றிலிருந்து நீர் கொண்டுவந்த பெரும்பிடுகு வாய்க்காலையும் பேசுகிறது. மகேந்திரவாடியிலும் உத்திரமேரூரிலும் பல்லவர் பெயரால் ஏரிகள் எழுந்தன. ஏரி வந்த இடத்தில் மதகு வரும். கீழே நஞ்சை விரியும். மேய்ச்சல் தரை சுருங்கும். புழலில் நந்தி செய்ததாகச் சொல்லப்படும் வேலையை உண்மையில் செய்தவை இந்த ஏரிகள்தாம் என்பது என் கணிப்பு.

சோழர் கல்வெட்டுகளில் இந்தப் பகுதி ஜயங்கொண்ட சோழ மண்டலம். குன்றத்தூர் புலியூர்க் கோட்டத்தில் அடங்கியது. அந்தக் கோட்டத்துக்குக் குலோத்துங்கசோழ வளநாடு என்ற பெயரும் உண்டு. தெற்கே மணிமங்கலம் செங்காட்டுக் கோட்டத்து மாகணூர் நாட்டைச் சேர்ந்தது.  குறும்பரின் 24 கோட்டைகள் என்று கதை சொல்லும் எண்ணும் தொண்டைமண்டலத்தின் 24 கோட்டங்கள் என்று நிர்வாக மரபு சொல்லும் எண்ணும் ஒன்றாயிருப்பது தற்செயல் அல்ல. நிர்வாகப் பிரிவுகளைக் கண்டவர்கள் அவற்றுக்கு முந்தைய உரிமையாளர்களைக் கதையில் அமர்த்தியிருக்கலாம். பழைய தலைமைகளின் எல்லைகளே கோட்டங்களாகத் தொடர்ந்தும் இருக்கலாம்.

சேக்கிழார் தம் நாட்டின் பழங்குடிகளை எப்படிப் பார்த்தார்? திருக்குறிப்புத்தொண்டர் புராணத்தில் தொண்டைநாட்டை நில நிலமாக விரித்துப் பாடுகிறார். குறிஞ்சியும் முல்லையும் மருதமும் நெய்தலும் அதில் அடுத்தடுத்து வந்து கலக்கின்றன. கண்ணப்பர் பிறந்த உடுப்பூரைச் சொல்லும்போது, மதயானைத் தந்தங்களால் வேலி கோலி அரண் சூழ்ந்த பழம்பதி என்கிறார். குடியேறியவர் வழியில் வந்த கவிஞர், வேடர் கோட்டையை இழிவாகக் காட்டவில்லை. அங்கிருந்தே நாயன்மார்களில் ஈடில்லாத ஒருவரைக் கொண்டுவருகிறார். புழல் கதையின் வெறுப்பு பெரியபுராணத்தில் இல்லை.

ஊர்வாய்க் கதைகளில் அந்த வெறுப்பு இன்னொரு வடிவில் கிடைக்கிறது. குடியேறிய வேளாளர் தம்மை வணங்குவதில்லை என்று கோபித்த குறும்பர் வாயில்களைத் தாழ்வாகக் கட்டினார்களாம், குனிந்துதானே வர வேண்டும் என்று. வேளாளர் தலைக்குப் பதில் காலை முதலில் நீட்டி நுழைந்தார்களாம். கடைசியில் நாவிதர்களைத் தம் பக்கம் இழுத்து, சாவு வீட்டில் மழித்துக்கொள்ள உட்கார்ந்த குறும்பரின் கழுத்தை அறுக்கச் செய்தார்கள் என்று கதை முடிகிறது. கோயில் அற்புதம் என்று சொன்ன வெற்றியை ஊர் வஞ்சகம் என்று சொல்கிறது. வரலாற்றாசிரியனுக்கு இதில் பயன்படும் பகுதி கொலையல்ல. இரு தரப்பும் ஒரே வாசலில் போய்வந்தார்கள், ஒரே நாவிதரிடம் மழித்துக்கொண்டார்கள், மரியாதைக்காகச் சண்டையிட்டார்கள் என்பதைக் கதை தன்னை அறியாமல் ஒப்புக்கொள்கிறது. பெரும்பாணாற்றுப்படையின் வழிப்பாதை இங்கே மறுபடி எட்டிப்பார்க்கிறது.

வட அமெரிக்காவின் செரோக்கி எல்லையோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெளிவாகும். அங்கே லௌடன் கோட்டையை 1756-இல் தென் கரோலினா அரசு கட்டியது. கட்டித் தரும்படி கேட்டவர்கள் செரோக்கியர். பிரெஞ்சுக்காரரை எதிர்த்துத் தம் வீரர்கள் வெளியே போகும்போது பெண்டு பிள்ளைகளுக்குக் காவல் வேண்டியிருந்தது. கோட்டையைச் சுற்றி வணிகமும் நடந்தது. 1760 பிப்ரவரியில் பிரின்ஸ் ஜார்ஜ் கோட்டையில் பிணையாக இருந்த செரோக்கித் தலைவர்கள் கொல்லப்பட்டதும் எல்லாம் குலைந்தது. ஆகஸ்டில் லௌடன் கோட்டையே முற்றுகையில் சரணடைந்தது. காவலாக வந்த கோட்டை நான்கே ஆண்டில் பகையின் மையமானது. அதற்குக் கடிதமும் ஒப்பந்தமும் சான்றாக இருக்கின்றன. புழலிலோ கோட்டை முன்பிருந்தவர்களுடையது. எழுத்து முழுவதும் வந்தவர்களுடையது. அதனால் குறும்பர் என்ன கேட்டார்கள், எதற்கு இசைந்தார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியாக நாம் கேட்கவே முடிவதில்லை.

கோட்டையின் கடைசி வேலை கம்பெனி ஆட்சியில் தொடங்கியது. 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் கம்பெனிக்காகப் பர்னார்டு ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பில் பகுதி பாழானது. 1794-இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் வரியை உயர்த்தி ஊர்களை மீண்டும் நிரப்ப முயன்றபோது, காணியாட்சிக்காரர்கள், அதாவது மிராசுதாரர்கள், குறுக்கே நின்றார்கள். நிலம் எங்களுடையது, விலகிப் போனாலும் எங்களுடையதே என்பது அவர்கள் வாதம். அதற்கு ஆதாரம் எது?

சென்னைக் கலெக்டர் எல்லிஸ், மிராசு உரிமை பற்றி அரசு கேட்ட 17 கேள்விகளுக்கு எழுதிய விடைகள் 1818-இல், அவருடன் பணியாற்றிய சங்கரய்யாவின் இணைப்புகளோடு அச்சாயின. குறும்ப பூமியாக இருந்த காட்டை ஆதொண்டை வென்று வேளாளருக்குக் கொடுத்தான் என்ற மரபு அங்கே சட்ட வாதத்தின் முதல் படியாக அமர்கிறது. சோழன் தந்த கொடை, அதனால் பரம்பரை உரிமை. கோயில் சுவரிலும் கிழவர் வாயிலும் இருந்த கோட்டை இப்படித்தான் கச்சேரிக் காகிதத்துக்கு வந்தது. காட்டில் கோட்டை வைத்திருந்தவன் தோற்றவன்; காட்டை வயலாக்கியவன் உரிமையாளன். வயலில் உழைத்த படியாளுக்கும் சேரிக்கும் இந்தக் கதையில் வேடமே இல்லை. புழல் கதை மெக்கன்சியின் ஆட்களிடம் இவ்வளவு விரிவாகச் சொல்லப்பட்டதும், மிராசு வழக்கு கொதித்ததும் ஒரே தலைமுறையில் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். சொன்னவர்கள் பொய் சொன்னார்கள் என்பதல்ல; பழைய கதையை நீட்டிச் சொல்ல அப்போது தேவை இருந்தது.

மிராசின் நிழல் நெடுங்காலம் நீண்டது. தரிசு நிலத்தைத் தர்க்காஸ்து கேட்டு எவர் மனுப் போட்டாலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை என்ற வழக்கத்தால் செங்கல்பட்டுப் பறையர்கள் குழி நிலமும் பெற முடியாமல் இருந்ததை 1891-இல் கலெக்டர் டிரெமென்ஹீர் தம் அறிக்கையில் விரிவாக எழுதினார். அதன் விளைவாக 1892-இல் பிறந்ததே ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நிலம் ஒதுக்கிய பஞ்சமி நில ஆணை. அந்த நிலங்கள் பிற்பாடு பல வழிகளில் கைமாறின. 1994 அக்டோபரில் செங்கல்பட்டுக்கு அருகே காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தை ஒட்டி நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர்.

இரண்டு ஆண்டு கழித்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பிறகு ஒரகடம் வரை தொழிற்பேட்டைகள் பரவின. பழைய செங்காட்டு, புலியூர்க் கோட்டங்களின் நஞ்சையும் மேய்க்கால் புறம்போக்கும் ஏரிகளும் மறுபடி அளக்கப்பட்டன. இழப்பீடு பட்டா உள்ளவருக்குப் போயிற்று. மேய்க்காலில் ஆடு ஓட்டியவர்களின் பெயர் இம்முறையும் பதிவேட்டில் ஏறவில்லை.