பழைய மஸ்டாங்குக்கு டிஸ்க் பிரேக்: பின் ஆக்சிலை மாத்தினா மட்டும் போதுமா?

1960-களின் ஃபோர்டு மஸ்டாங் கார்களில் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான். அதை மாற்ற நினைக்கும் அமெரிக்க மெக்கானிக்குகள் பலர் தேடிப்போவது காயலான் கடைக்கு! 1995 முதல் 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் பின் ஆக்சிலில் 8.8 அங்குல டிஃபரன்ஷியலும் டிஸ்க் பிரேக்கும் ஒரே செட்டாகக் கிடைக்கும்.

ஆனா அப்படியே மாட்ட முடியாது. அகலம் அதிகம், இடது பக்கக் குழாயும் நீளம். அதை வெட்டிக் குறைத்து, வலது பக்கத்துக் குட்டை ஷாஃப்ட் இன்னொன்றை வாங்கி இடது பக்கமும் போடுகிறார்கள்.

பலர் கோட்டை விடுவது பிரேக் ஆயில் அழுத்தத்தில்தான். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாக ஒரு சின்ன வால்வு, லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அதைக் கழற்றாமல் விட்டால், பெடலில் இருந்து காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கிட்டே இருக்கும். சூடேறினா பிரேக் பிடிக்காது.

இன்னொரு ஆபத்து, பின்சக்கரம் முதலில் லாக் ஆவது. கார் அப்படியே சுழன்றுவிடும். அதனால் பின் லைனில் புரொப்போர்ஷனிங் வால்வு வைத்து, ஆளில்லாத இடத்தில் ஓட்டிப் பார்த்து, முன்சக்கரம் முதலில் லாக் ஆகும் வரை பின் அழுத்தத்தைக் குறைக்கணும்.

ஹேண்ட்பிரேக்குக்கு அந்த டிஸ்க்குக்குள்ளேயே குட்டி டிரம் ஒண்ணு இருக்கு. கேபிளை மட்டும் அளவு பார்த்து மாத்தினா போதும்.