மறுகால்

அளவுக்கு மேற்பட்டதைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. மிகை, மிகுதி, மிச்சம், உபரி என அவை பல. ஒவ்வொன்றும் தன்னுள் ஒரு தீர்ப்பைத் தாங்கி நிற்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

'மிகை' இலக்கண ஆசிரியர்களிடம் குற்றமாயிற்று. நூலுக்குரிய பத்துக் குற்றங்களை வகுக்கும் நன்னூல், குன்றக் கூறலுக்கு அடுத்து மிகைபடக் கூறலை வைக்கிறது. (மறையுரை ஆற்றும் நம் போன்றோர் அடிக்கடி புரட்டவேண்டிய பகுதி!) பிறவியை அறுக்கத் துணிந்தவர்க்கு உடம்பே மிகை என்கிறது 345ஆம் குறள். 504ஆம் குறளிலோ, குணம் குற்றம் இரண்டில் மேலோங்கி நிற்பதைச் சுட்ட அதே சொல் எவ்விதப் பழிப்புமின்றி வருகிறது. 'மிச்சம்' இலையில் எஞ்சியதையும் குறிக்கும், சிக்கனமாய்ச் சேர்த்ததையும் குறிக்கும். 'உபரி' என்னும் வடசொல்லுக்கு 'மேலே' என்பது பொருள். அலுவலகங்களுக்கு உகந்த சொல்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் உழவர்களிடம் வேறொரு சொல் உண்டு: மறுகால். குளம் பெருகும்போது கரை உடையாதபடி நீர் வெளியேற அமைத்த வழி அது. பிற பகுதிகளில் கலிங்கு என்பர். கால் என்பது நீரோடும் வழி. மறுகால் மற்றொரு வழி. இச்சொல்லில் பழிப்புமில்லை, பெருமிதமுமில்லை. நீர் அடுத்து எங்கே போகவேண்டும் என்பது மட்டுமே உண்டு. மேற்குளத்தின் மறுகாலே பல இடங்களில் கீழ்க்குளத்தின் வரத்துக்கால். ஓரூரின் மிகுதி, அடுத்த ஊரின் விதைப்பு. ஆதலால்தான் மறுகாலில் கல்லடுக்கி உயர்த்துவது வெறும் பேராசையாகக் கருதப்படவில்லை. கீழூரின் பங்கைக் கவர்வதாகவே கருதப்பட்டது. சுத்தமல்லி அணைக்கட்டில் பிரிந்து பேட்டை வழியே நயினார்குளம் நோக்கிச் செல்லும் நெல்லைக் கால்வாயின் கரையில் வாழ்வோர்க்கு இது விளக்கவேண்டிய செய்தியன்று.

வியப்பு யாதெனில், திருச்சபையின் மொழியும் இவ்வழியே சென்றிருப்பதுதான். புனித தோமா அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டில் ஈகையைப் பற்றி எழுதுகையில் ஆளும் 'சூப்பர்ஃபுளூவும்' என்னும் இலத்தீன் சொல், மேலே வழிந்தோடுவது என்னும் பொருளில் பிறந்தது. ஒருவரிடம் மிகுந்திருப்பது இயற்கைச் சட்டத்தின்படியே ஏழைகளின் வாழ்வுக்கு உரியது என்பது அவர் துணிபு. கருணை என்று அவர் சொல்லவில்லை, உரியது என்றார். நம் மனம் எளிதில் ஏற்காத இடம் இது. 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல், 'மக்களின் முன்னேற்றம்' என்னும் சுற்றுமடலில் இதனைச் செல்வ நாடுகளுக்கும் விரித்துரைத்தார். யோவான் நற்செய்தியின் கிரேக்க மூலத்தில், பன்னிரு கூடைகளில் எஞ்சிய அப்பத் துண்டுகளைச் சுட்டும் சொல்லும், நல்லாயன் தரவந்த நிறைவாழ்வைச் சுட்டும் சொல்லும் ஒரே வேரின.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. பதிவாயிற்று. எந்த மறுகாலும் தாங்கும் அளவன்று அது. குளங்கள் பல உடைந்தன. அன்று நாளேடுகள் எழுதிய சொல் 'உபரிநீர்'. நாங்குநேரிக்கு அருகே மறுகால்குறிச்சி என்றும், சீவலப்பேரிப் பக்கம், பழந்தமிழ்க் கல்வெட்டு உள்ள குன்றின் அருகே மறுகால்தலை என்றும் ஊர்கள் இன்னும் அப்பெயரோடு இருக்கின்றன.