காற்றுக்குக் காப்புரிமை

மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோவிலில் ஒரு மத்தியானம். கரண்ட் இல்லை. மண்டபத்தில் நின்றுபோயிருந்த ஃபேனின் இறக்கையில் 'உபயம்' என்று யாரோ ஒரு புண்ணியவானின் பெயர். ஓடிக்கொண்டிருந்தால் படித்திருக்க முடியாது.

பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்த பையன் பேச்சுக் கொடுத்தான். இன்ஜினீயரிங் முடித்துவிட்டு பேடன்ட் சட்டத்தின் பக்கம் போக ஆசையாம். "அப்பா திட்டுறாரு சார். நாலு வருஷம் மெஷின் படிச்சது வக்கீல் ஆபீஸ்ல பேப்பர் எழுதவாங்கிறாரு."

அவனுக்குச் சொன்ன கதை இது.

இந்தியாவின் முதல் காப்புரிமைச் சட்டம் 1856 பிப்ரவரியில் வந்தது. மார்ச் 3-ம் தேதியே ஒருவர் மனுவோடு நின்றார். ஜார்ஜ் ஆல்ஃபிரட் டி பென்னிங், கல்கத்தாவில் கிராண்ட்ஸ் லேனில் இருந்த சிவில் இன்ஜினீயர். அவர் கண்டுபிடித்தது, பங்கா இழுக்கும் இயந்திரம்.

பங்கா என்றால் கூரையிலிருந்து தொங்கும் நீளமான துணி விசிறி. அதன் கயிறு சுவர் வழியாக வராந்தாவுக்குப் போகும். அங்கே ஒரு ஏழை மனிதர் மணிக்கணக்கில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருப்பார். துரை உள்ளே தூங்க, இவர் வெளியே தூங்காமல் இருக்கவேண்டும். வெயிலில் வெந்த ஊரில் முதல் காப்புரிமை காற்றுக்குப் போனதில் ஆச்சரியமில்லை.

செப்டம்பர் 2-ம் தேதி படங்களோடு முழு விவரக்குறிப்பையும் கொடுத்தார். 14 வருட தனியுரிமை கிடைத்தது. ஆனால் அடுத்த வருடமே சட்டம் ரத்து! மகாராணியின் ஒப்புதல் வாங்காமல் போட்ட சட்டமாம். 1859-ல்தான் புதிதாக இன்னொன்று வந்தது. எவ்வளவு நல்ல இயந்திரமானாலும், காகிதம் சரியில்லையென்றால் உரிமை ஆட்டம் காணும் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

அவருடைய இயந்திரம் பங்கா இழுப்பவர்களை ஒன்றும் செய்யவில்லை. 20-ம் நூற்றாண்டிலும் அவர்கள் கயிறு இழுத்தார்கள். நிலைத்தது வேறு. மற்றவர்களுடைய கண்டுபிடிப்புகளுக்கு உரிமை வாங்கித் தரும் நிறுவனம் ஒன்றை டி பென்னிங் ஆரம்பித்திருந்தார். டி பென்னிங் அண்ட் டி பென்னிங். 1856-ல் தொடங்கியதாகச் சொல்லும் அந்த நிறுவனம், சென்னையில் அலுவலகம் போட்டு இன்றும் அதே வேலையைச் செய்கிறது.

இந்த வேலைக்கு இன்ஜினீயர் எதற்கு? உரிமை கேட்பவர், தன் கண்டுபிடிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை ஒளிக்காமல் எழுதித் தரவேண்டும். எதுவரை தனக்குச் சொந்தம் என்று வேலியும் போடவேண்டும். வேலியைக் குறுக்கிப் போட்டால் பக்கத்துக் கம்பெனிக்காரன் ஒரு ஸ்க்ரூவை மாற்றிவிட்டுத் தாண்டிப் போய்விடுவான். ரொம்ப அகட்டினால், ஏற்கெனவே இருக்கும் பொருளில் இடித்துக்கொண்டு மொத்தமும் போய்விடும். எந்த ஸ்க்ரூ முக்கியம் என்று தெரிந்தவன்தான் அந்த வேலியைப் போடமுடியும்.

அதனால்தான் 1970-ம் வருடச் சட்டம் காப்புரிமை முகவருக்கு அறிவியல், இன்ஜினீயரிங் அல்லது தொழில்நுட்பப் பட்டம் கேட்கிறது. பரீட்சை எழுதிப் பதிவு செய்துகொள்ள சட்டப் பட்டம்கூடக் கட்டாயமில்லை. கோர்ட்டில் வாதாட வேண்டுமென்றால்தான் கறுப்புக் கோட்டு. பி.காம். படித்த எனக்கு அந்த வாசல் மூடியிருக்கிறது. இவனுக்குத் திறந்திருக்கிறது.

"அப்பாகிட்ட இதை நீங்களே வந்து சொல்லுங்க சார்" என்றான்.

வீடு எங்கே என்று கேட்டேன். "பக்கத்துலதான். ராஜபாளையம்."

பஸ்ஸில் அரை மணி நேரம். அதுவும் அந்த வெயிலில்.